திங்கட்கிழமையே எடுத்த ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதைக்குப் படம் முன்னாலேயே வந்துவிட்டது. கதைதான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வருகிறது.

பத்திரிகை ஆசிரியர் போன வாரம் கூப்பிட்டார். பள்ளிக்கூட வருஷம் முடிகிற சமயத்தில் ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். "டீச்சர், பசங்க, கடைசி நாள், அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க. படிச்சா மனசு நிறையணும்" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஓவியர் அடுத்த வாரம் ஊர்ல இல்ல. அதனால படத்தை இப்பவே போட்டுக் குடுத்துட்டார். நீங்க அதுக்குத் தோதா எழுதிடுங்க."

படத்தைப் பார்த்திருப்பீர்கள், தலைப்புக்கு மேலே இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கையை உயர்த்திப் பேசுகிறாள். பக்கத்தில் டீச்சர் பூரித்துப்போய் நிற்கிறாள். முன்வரிசையில் கோட்டு போட்ட ஒரு பெரியவர் கைதட்டுகிறார். பின்னால் முப்பது பிள்ளைகள், அத்தனை பேருக்கும் ஒரே பல்வரிசை. நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இதுவரை என் கதையில் ஒருத்தர்கூடக் கோட்டு போட்டதில்லை.

கதைக்கான விஷயத்தை என் மச்சினி கொடுத்தாள். அவளும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இதில் வரும் டீச்சர் தான் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்றாள். எழுதிவிட்டேன். குடும்பத்தில் அமைதி முக்கியம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அந்த ஆண்டின் கடைசி மணி ஒலித்தபோது ஆங்கில டீச்சரின் கண்கள் தன்னையறியாமல்

வேண்டாம். கடைசி மணி ஒலிக்கும்போது எந்த டீச்சரின் கண்ணும் கலங்குவதில்லை. அது வண்டி நிறுத்துமிடத்தில் தன் வண்டிக்குக் குறுக்கே யார் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கும். மச்சினியே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது முயற்சி:

ஆசிரியப் பணி என்பது வெறும் தொழில் அல்ல; அது ஒரு

இதை என்னாலேயே முடிக்க முடியவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் எப்படித்தான் முடிக்கிறார்களோ.

மூன்றாவது:

விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி முடித்த பிறகும் பள்ளிக்கூடம் மூட இரண்டு வாரம் மிச்சமிருந்தது.

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3

மதிப்பெண் ஏறிவிட்டால் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். யார் சொல்வார்கள் என்று தெரியாது, ஆனால் தெரிந்துவிடும். அதுவரை டீச்சர் முறைத்தால் உட்கார்ந்தவர்கள், மறுநாளிலிருந்து டீச்சர் முறைப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். இதைச் சமாளிக்கத்தான் மேலிடத்திலிருந்து வருஷாவருஷம் ஒரு சுற்றறிக்கை வரும்: ஆண்டு இறுதி ஆங்கிலச் செயல்பாடுகள். நடுநிலை வகுப்புகளுக்கு மட்டும். பத்து நாள், பத்துச் செயல்பாடு, நாளுக்கு ஒரு புகைப்படம். கவிதை வாசிப்பது, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் கதை சொல்வது, பத்து வருஷம் கழித்து இருக்கப்போகும் தனக்கே கடிதம் எழுதுவது என்று பட்டியல் போகும். ஏழாவது நாள் விவாதம்.

பத்து நாளையும் பத்து நாளில் நடத்துகிற பைத்தியக்காரத்தனத்தை அந்தப் பள்ளியில் யாரும் செய்வதில்லை. கணக்கு சார்தான் டீச்சருக்கு வழி சொல்லிக்கொடுத்தார்.

"திங்கக்கிழமை ஒரே பீரியட்ல பத்து நாளையும் எடுத்துடுங்க மிஸ். தேதியை மட்டும் போர்டுல அழிச்சு அழிச்சு எழுதணும். அவ்வளவுதான்."

"எல்லா நாளும் பிள்ளைங்க ஒரே சட்டையில இருந்தா தெரிஞ்சுடாதா சார்?"

"யூனிஃபார்ம் எதுக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சீங்க?"

டீச்சர் ஒப்புக்கொண்டாள். அவள் மூன்று வருஷமாகத் தற்காலிகப் பணியில் இருப்பவள். நிரந்தரமாக்கச் சொல்லும் கோப்பு கல்வி அலுவலகத்துப் பெரிய அதிகாரியின் மேஜைக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இந்தச் சமயத்தில் சுற்றறிக்கையில் ஒரு நாள் குறைந்தாலும் வம்பு. தனக்கென்று மூன்று துப்பட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள்.

ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மூன்று வருஷமாக அவர்களுக்கு வராத ஒழுங்கு அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் வந்தது. "முதல் நாள்" என்றால் புத்தகம் கைக்கு வந்தது, வாய்கள் அரை அங்குலம் திறந்தன. "ரெண்டாம் நாள்" என்றால் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாளுக்கு டீச்சர் பச்சைத் துப்பட்டாவுக்கு மாறினாள். ஐந்தாம் நாளில் ஒரு பையன், "மிஸ், நேத்து நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், இன்னைக்கு இடம் மாறணும்ல?" என்று கேட்டான். நேற்று என்று அவன் சொன்னது நான்கு நிமிஷத்துக்கு முன்னால். ஆங்கிலம் வந்ததோ இல்லையோ, இந்த வித்தை அவர்களுக்குக் கைவந்திருந்தது.

ஏழாம் நாளுக்கு வாய் திறந்த மாதிரி ஒரு பிள்ளை தேவைப்பட்டது. டீச்சருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ரேடியோ, நீ வா."

ரேடியோ என்பது டீச்சர் வைத்த பெயர். வருஷத்தில் பாதி நாள் பேசியதற்காகவே வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள். கரும்பலகைக்கு முன்னால் வந்து, கையை உயர்த்தி, வீட்டுப்பாடம் ஏன் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டாள்.

"பேசாத" என்றாள் டீச்சர். "வாயை மட்டும் திற."

படம் எடுத்தாயிற்று. பலகையில் தேதியை அழித்துக்கொண்டிருந்தவளிடம் ரேடியோ கேட்டாள். "அப்போ நிஜ டிபேட் எப்போ மிஸ்? நான் பேப்பர்ல எழுதிட்டிருக்கேன்."

"இப்போ நடந்துச்சே, அதான். போய் உட்காரு."

4

(இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ரேடியோவின் மேல் எனக்கே சந்தேகம்.

முதல் வரைவில் அவளுக்குத் திக்குவாய் வைத்திருந்தேன். வருஷமெல்லாம் பேசாத பெண் கடைசி நாளில் கணீரென்று பேசுவாள், கோட்டுப் பெரியவர் கைதட்டுவார், உங்கள் மனசு நிறையும், பத்திரிகை ஆசிரியர் சொன்ன கணக்கு முடியும். எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு பிள்ளையைக் கைதட்டு வாங்குவதற்காகத் திக்க வைக்கலாமா? அடித்துவிட்டேன். அதனால்தான் அவள் இப்போது ஓயாமல் பேசுகிறாள். பேசுகிற பிள்ளையைக் கதையில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். டீச்சரின் சிரமம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.)

5

திங்கட்கிழமையிலிருந்து பத்துத் தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் ஏழாவது என்ன கிழமை வரும் என்று கணக்கு சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் ஆங்கிலம் என்பதால் விட்டுவிடுவோம். அந்தப் பள்ளிக்குச் சனிக்கிழமை அரை நாள் உண்டு. ஞாயிறு மூடித்தான் கிடக்கும்.

அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவரிடம், படங்களைப் பார்த்து நிகழ்ச்சி நிரலைத் தயார் செய்யும்படி ஹெச்.எம். சொன்னார். நடந்த பிறகு எடுக்க வேண்டிய படத்தைப் பார்த்து, நடக்கப்போவதன் நிரலை எழுதுகிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை. பலகையில் இருந்த தேதியை அப்படியே இறக்கினார். ஞாயிறு, காலை பத்து மணி, விவாதம். நிரல் செவ்வாய்க்கிழமையே மேலிடம் போய்விட்டது. எதிலும் முதலாக இருக்க வேண்டும் ஹெச்.எம்.முக்கு.

வெள்ளிக்கிழமை அவர் அறைக்கு டீச்சரைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஞாயித்துக்கிழமைகூட வகுப்பு நடத்துறீங்களாமே, இப்படி ஒரு ஸ்கூலை நான் பார்த்ததே இல்லன்னு பெரிய ஆபீசர் போன்ல சொல்றார். நேர்ல வந்து பாக்கறாராம்."

"நாம ஞாயித்துக்கிழமை நடத்தலையே மேடம்."

"இனிமே நடத்துறோம்." ஹெச்.எம். தண்ணீர் குடித்தார். "போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், அதைத்தானே அப்புறம் அனுப்பப்போறோம். அதே பொண்ணு, அதே போர்டு. உங்க ஃபைல் அவர் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க. நல்லபடியா முடிஞ்சா அங்கேயே கையெழுத்து வாங்கிடலாம்."

இப்படியாகத்தான் என் கதைக்குள் கோட்டு நுழைந்தது. ஓவியருக்கு நன்றி.

6

சனிக்கிழமை அரை நாள் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ரேடியோ ஓடி வந்து நான்கு பக்கக் காகிதத்தை நீட்டினாள். கூடவே வருஷம் முழுக்க எழுதிய வீட்டுப்பாட நோட்டு.

"ஸ்பீச்சுக்கு நோட்டு எதுக்கு?"

"அதுல இருந்துதான் மிஸ் பாயின்ட் எடுத்திருக்கேன். பக்கத்தை மடிச்சு வச்சிருக்கேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள் டீச்சர். கணவர் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர், சனி மதியம் கடைக்கு விடுமுறை. அவள் முதல் மடிப்பைத் திறந்தாள்.

மழை பற்றிய கட்டுரை. நான்காவது வரியில், மழைக்குச் சம்பந்தமே இல்லாமல், 'மிஸ், இதைப் படிச்சீங்கன்னா நாளைக்கு என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிங்க' என்றிருந்தது.* பக்கத்தின் அடியில் அவளுடைய சிவப்பு டிக். குட். கையெழுத்து.

இரண்டாவது மடிப்பு, உயிர்த் தோழி பற்றி. 'எனக்கு உயிர்த் தோழி யாருமில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் பின்னால் திரும்பிப் பேசுகிறேன். இடம் மாற்றிவிடுங்கள்.' டிக். குட்.

மூன்றாவது, தண்ணீர் சேமிப்பு. 'தண்ணீர்' என்ற ஒரே சொல், இருபது வரிக்கு. அதற்கு டீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தாள்.

நான்காவது, நான் கண்ட கனவு. 'நேற்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் தூங்கவில்லை. அதனால் கனவு வரவில்லை.' டிக். குட். கூடவே, கையெழுத்தைத் திருத்து.

டீச்சர் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள். தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. முப்பத்திரண்டு நோட்டு, மூன்று வகுப்பு, வாரம் இரண்டு தடவை என்று ஒரு பதில் உள்ளே தயாராக எழுந்து வந்தது. அதைக் கேட்க வேண்டிய பிள்ளை எதிரில் இல்லை.

(அப்பாவைச் சாகடித்திருந்தால் இந்த இடத்துக்கு இன்னும் வலு கூடியிருக்கும் என்று கதை எழுதுகிற நண்பர் ஒருவர் சொன்னார். மாட்டேன். ரேடியோவின் அப்பா பத்தே நாளில் வீடு திரும்பிவிட்டார்.)

பேச்சின் கடைசி வரி இப்படி இருந்தது: 'வீட்டுப்பாடம் வேண்டாம். இல்லையென்றால் யாராவது அதைப் படிக்கட்டும்.'

"என்ன, ஒரே பக்கத்துல உட்கார்ந்திருக்க?" என்றார் கணவர். "பேனா எழுதலையா?"

அவள் சொன்னாள். அவர் மடித்த துணியை இறக்கி வைத்தார்.

"இதை அந்த ஆபீசர் முன்னாடி படிக்கப்போகுதா? பேசாம அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒரு போனைப் போடு. நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடு. மூணு வருஷம் இதுக்காகத்தானே காத்துட்டிருந்தோம்."

போன் நோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

* ஆசிரியர் அவர்களுக்கு: இந்த அடிக்குறிப்பு உங்களுக்கு மட்டும். இதைப் படித்தீர்களானால் என்னைக் கூப்பிடுங்கள். பிறகு இந்த வரியை நீக்கிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

7

பத்திரிகை ஆசிரியரைக் குற்றம் சொல்வதற்காக அந்த அடிக்குறிப்பை எழுதவில்லை. ஒரு பழைய கணக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கதையை அனுப்பியபோது கடைசிப் பக்கம் மட்டும் என் மேஜையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: 'அருமை. முடிவு நெகிழ வைத்தது.' கதை அப்படியே அச்சில் வந்து, இரண்டு பேர் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஒரு 'குட்' தேவைப்பட்டது.

அது கிடக்கட்டும். முடிவுகளுக்கு வருவோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: டீச்சர் போனை எடுக்கிறாள். ரேடியோவின் அம்மாவிடம், நிகழ்ச்சி ரத்து என்கிறாள். ஞாயிறன்று வேறொரு பிள்ளை வாயைத் திறக்கிறது. கையெழுத்தாகிறது. இதுதான் வழக்கமாக நடப்பது. மச்சினி இதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

இரண்டாவது: டீச்சர் சிவப்புப் பேனாவால் பேச்சைத் 'திருத்துகிறாள்'. நான்கு பக்கமும் போய், எங்கள் டீச்சர் ஒவ்வொரு வரியையும் அன்போடு படிக்கிறார் என்று அரைப் பக்கம் வருகிறது. ரேடியோ அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள். படத்துக்கு இதுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுதவும் ஆரம்பித்தேன்: 'கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித்' போதும்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அவள் போனை எடுக்காததால் அது தானாக வந்தது.

அவள் ஏன் எடுக்கவில்லை? நல்லவள் என்பதாலா? அப்படியெல்லாம் இல்லை. எடுக்க நாலைந்து தடவை கை போயிற்று. ஒவ்வொரு தடவையும் நோட்டில் இன்னொரு பக்கம் திரும்பியது. மடிக்காத பக்கங்களையும் படிக்க ஆரம்பித்திருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கணவர் டீ போட்டு எடுத்துவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று. பிள்ளை நன்றாக எழுதியிருந்தாள், அதுதான் காரணம். வருஷம் முழுக்க முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியாவது இப்படி எழுத மாட்டாளா என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டவள் அவள்.

8

ஞாயிறு, காலை ஒன்பதே முக்கால்.

முப்பத்திரண்டில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மின்விசிறிக்கு எண்ணெய் போடாததால் அது ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது. பலகையில் ஏழாம் நாளின் தேதி. இந்த முறை அது உண்மையான தேதி. ஹெச்.எம். கீழே வாசலில் பூங்கொத்தோடு நின்றார். டீச்சர் மேலே வருவதற்கு முன் அவளிடம் சொல்லியிருந்தார். "அந்த ரேடியோவை ரொம்பப் பேச விடாதீங்க. போட்டோவுல மாதிரி நின்னா போதும்."

ரேடியோ முன்வரிசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் நான்கு பக்கத்தையும் நோட்டையும் அவள் கையில் கொடுத்தாள்.

"திருத்தலையா மிஸ்?" புரட்டிப் பார்த்தாள். "சிவப்பே இல்ல."

"படிச்சேன்" என்றாள் டீச்சர். "அப்பா இப்போ எப்படி இருக்கார்?"

ரேடியோவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அது எப்பவோ மிஸ். இப்போ வேலைக்குப் போறார்."

டீச்சர் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள், பிள்ளைகள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.

கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அல்லது இரும்பு கேட்டாகவும் இருக்கலாம். பிறகு படியில் ஷூ சத்தம், மெதுவாக, ஒவ்வொன்றாக. முதல் மாடிக்கு இருபத்திரண்டு படி. இப்போதுகூட நேரமிருந்தது. வீட்டுப்பாடம் தேவை என்று பேச வேண்டிய பையன் கைடைப் பார்த்து எழுதிய ஒரு பக்கத்தோடு தயாராக இருந்தான். முதலில் அவனை எழுப்பி, அவனே நீட்டி முழக்கட்டும் என்று விட்டுவிடலாம். நேரம் முடிந்துவிடும்.

ரேடியோ எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றாள். கையை உயர்த்தினாள். வாயைத் திறந்து, சத்தம் போடாமல், அப்படியே டீச்சரைப் பார்த்தாள்.

"மிஸ், போட்டோ?"

"எடுத்தாச்சு" என்றாள் டீச்சர். "திங்கக்கிழமையே எடுத்தாச்சு. நீ பேசு."

9

படியேறி வந்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. கோட்டுப் பெரியவராக இருக்கலாம். 'சார் இன்னைக்கு வரலையாம்' என்று சொல்ல வந்த வாட்ச்மேனாகவும் இருக்கலாம். ஷூ அவரும் போடுவார். படத்தில் பெரியவர் கைதட்டுகிறார் என்று நீங்கள் சண்டைக்கு வரக்கூடாது. படமும் முன்னாலேயே, ஒரு திங்கட்கிழமை போட்டது. டீச்சர் 'நீ பேசு' என்றது ஷூ சத்தம் பதினைந்தாவது படியில் இருந்தபோது. அவளுக்கும் அப்போது தெரியாது.

உங்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். ஆறாம் பகுதிக்குத் திரும்பிப் போய், ஆசிரியருக்கு நான் எழுதிய அந்த அடிக்குறிப்பு இன்னும் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டுப் பகுதிகளை முன்பே அனுப்பிவிட்டேன், என்னை இதுவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வரி மட்டும் வந்தது: 'அருமை.'

அது அங்கே இருந்தால், இவ்வளவையும் படித்த முதல் ஆள் நீங்கள்தான். பெரியவர் வந்தாலும் வராவிட்டாலும் முன்வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு, இப்போதுதான் ஒரு பிள்ளை எழுந்துபோன இடம், இன்னும் சூடாக இருக்கும். உட்காருங்கள். கைதட்ட வேண்டாம். அவள் பேசி முடிக்கட்டும்.